விலையை மறைத்த அட்டை

கிளையில் நான் விட்டுவந்த பழைய மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஓர் அட்டைத் துண்டு கிடந்தது, இரண்டு நுனியிலும் பசைநாடா காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது, வீசிவிடலாமா நானா என்று, கிளையில் எனக்குப் பின் வந்த தம்பி தங்கச்சிமார் நீங்கள் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். வீச வேண்டாம். அதை ஏன் வீசக்கூடாது என்று இரண்டு வரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரியில் நிற்கிற ஆள் நானில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

ஐம்பதைத் தாண்டிய கையோடு வேலையை விட்டு வந்தவன் நான். சந்தை திறக்கும் நேரமானால் விரல்கள் இன்னும் துடிக்கின்றன. கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போகிறேன், பாதியில் எழும்பி கடைத்தெருவுக்குப் போகிறேன், அங்கும் நிற்க முடியாமல் வீட்டுக்கு வருகிறேன். பங்குத் தரகர் அலுவலகத்தில் இத்தனை காலம் இருந்தவனுக்கு ஓய்வு என்பது சத்தம் நிறுத்தப்பட்ட தொலைக்காட்சி மாதிரித்தான்: படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அட்டையின் கதைக்கு வருகிறேன்.

கல்முனைக் கிளையின் முதல் பொறுப்பாளரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மெதடிஸ்த கோயிலில் ஞாயிறு தவறாமல் கட்டைக் குரலில் பாடுகிற மனிதர். ஒரு கம்பனியை ஆராய உட்கார்ந்தால் அவர் முதலில் செய்கிற வேலை, கணினித் திரையில் விலை ஓடுகிற இடத்தில் ஓர் அட்டைத் துண்டை ஒட்டி மறைப்பது. முதல் நாள் நான் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க தம்பி. விலையப் பாத்திட்டுக் கணக்கப் பாத்தா, கணக்கு விலைக்குத்தான் வக்காலத்து வாங்கும்" என்றார்.

அவருடைய முறை அவ்வளவுதான். கம்பனி தன் தொழிலில் என்ன உழைக்கிறது, அதில் எவ்வளவைப் பங்கிலாபமாக உடைமையாளருக்குக் கொடுக்கிறது, கொடுத்த பிறகும் மூச்சுவிட அதனிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார். இந்தக் கம்பனியில் ஒரு துண்டு உனக்கு வேண்டுமென்றால் என்ன விலை கொடுப்பாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொள். பிறகு அட்டையை எடு. "எடுத்ததும் வாய் பிளந்தா அது மலிவு. பிளக்காட்டி கடையப் பூட்டிட்டு வீட்ட போங்க."

அவர் மாற்றலாகிப் போனபோது அட்டையை எனக்கு விட்டுப்போனார். இப்போது உங்கள் கையில் இருப்பது அந்த அட்டை அல்ல. அது கிழிந்துபோயிற்று. கிழித்தவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், நம் கிளைக்கு மட்டும் உரிய ஒரு பழக்கம். மார்க்கப்படி வட்டி நமக்கு ஆகாது. வட்டியில் வாழ்கிற கம்பனிகளையும், மதுவும் புகையிலையும் விற்கிற கம்பனிகளையும் நம் வாடிக்கையாளர் தொடமாட்டார்கள். பெரிய பங்கிலாபம் தருகிற கம்பனிகளில் பாதி அங்கேயே போய்விடும். மிச்சமுள்ள கம்பனிகளும் கையிருப்பை வங்கியில் போட்டு கொஞ்சம் வட்டி வாங்கத்தான் செய்யும். அது ஓர் எல்லைக்குள் இருந்தால் பங்கை வைத்திருக்கலாம். ஆனால் வருகிற பங்கிலாபத்தில் அந்த வட்டிக்குரிய பங்கைக் கணக்குப் பார்த்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். சுத்தப்படுத்தல் என்போம். பணம் வந்த பிறகு, ஆறுதலாக, ஒரு மரியாதைக் கடனாகச் செய்கிற கணக்கு. கொழும்பு அலுவலகத்தில் நம்மைக் கேலி செய்வார்கள்: "காசைத் தேடிப் பிடிச்சு எறியிற ஒரே கிளை உங்கடதான்." நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று நாடே நின்றுகொண்டிருந்த அந்த வருடம் வந்தது. பசளை இல்லாமல் வயல் வட்டைகளில் நெல் மஞ்சளாக நின்றது. ரூபாயின் மதிப்பு உள்வாங்கிய கடல் போலப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. வங்கி வட்டி ஏற ஏற, ஆட்கள் பங்குகளைக் கண்ட விலைக்கு விற்றார்கள். நல்லது கெட்டது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. திரையில் எல்லாமே சிவப்பு.

அப்படி ஒரு காலையில்தான் றஹீமா மிஸி தன் தம்பி றஸாக்கோடு கிளைக்குள் வந்தார்.

மிஸி ஓய்வுபெற்ற மருத்துவிச்சி. சாய்ந்தமருதில் பாதிப்பேர் அவர் கையில் விழுந்துதான் முதல் மூச்சை எடுத்தார்கள். என் பிள்ளைகள் இரண்டும் அப்படித்தான். கணவர் மௌத்தான பிறகு மாவடிப்பள்ளி வயலை விற்று, அந்தப் பணம் முழுவதையும் என் மூலமாக ஒரே கம்பனியில் போட்டிருந்தார். கடதாசிப் பெட்டி செய்கிற பெரிய கம்பனி. நமக்குள் பெட்டிக் கம்பனி என்றே பெயர். "வயல் ரெண்டு போகம் தந்திச்சி. இதும் வருசத்தில ரெண்டு தரம் தருது. வித்தியாசம் என்னெண்டா மகன், இதுக்கு யானை வராது" என்பார்.

அந்த வருடம் யானை வந்துவிட்டது. பெட்டிக் கம்பனியின் விலை அவர் வாங்கிய விலையில் பாதிக்கு விழுந்திருந்தது. அதே நேரம் மகள் ஸஹ்லாவுக்கு நிக்காஹ் பேசி முடித்தாயிற்று. நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியேறுவார். மிஸி கட்டிய வீடு சுவர் மட்டத்தோடு நின்றது. கூரை இல்லை. சீமெந்தும் தகரமும் தொட முடியாத விலைக்குப் போயிருந்தன. வருகிற பங்கிலாபத்தைத்தான் கூரைக்கு நம்பியிருந்தார். அது வராவிட்டால், வயலும் போய், வீடும் நின்று, பேசிய கல்யாணமும் ஆட்டம் காணும்.

றஸாக் நானா அரிசி வியாபாரி. சொந்த லொறி, சொந்த வாய்.

"தம்பி, கதை வேணா. பெட்டிய வில்லுங்க, கோபுரத்த வாங்குங்க" என்றார் உட்காரும் முன்னரே.

கோபுரம் என்று அவர் சொன்னது கொழும்பில் வானளாவிய கட்டடம் உள்ள இன்னொரு பெரிய கம்பனியை.

"விலையும் விழுந்திட்டு, டிவிடன்டும் பெட்டிய விட ரெண்டு மடங்கு. ஹலால் பட்டியல்லயும் இரிக்கி. இதுக்கு மேல என்ன, வானத்தில இருந்து மலக்கா இறங்கி வந்து செல்லணும்?"

"நீ வாய மூடு றஸாக். மகன், நீங்க செல்லுங்க" என்றார் மிஸி.

"அவர் என்னத்தச் செல்ற? அவர்ர பேச்சக் கேட்டுத்தானே நீ பெட்டிக்குள்ள இரிக்காய்."

நான் அட்டையை ஒட்டினேன். கோபுரத்தின் கடைசி ஆண்டறிக்கையைத் திறந்தேன். லாபம் பெரிது, கொடுத்த பங்கிலாபம் பெரிது, கடன் குறைவு. மனதுக்குள் ஒரு விலை சொல்லிக்கொண்டேன். றஸாக் நானாவுக்குப் பொறுமை இல்லை.

"என்ன மறைக்காரு இவரு? பந்தயத்தில சீட்ட மறைக்கிற மாதிரி! அட்டைய எடுங்க தம்பி!"

எட்டிக் கை போட்டு இழுத்தார். பசைநாடா விடவில்லை, அட்டை நடுவால் கிழிந்து பாதி அவர் கையோடு போயிற்று. அடியில் கோபுரத்தின் விலை தெரிந்தது.

வாய் பிளந்தது எனக்கு. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு மலிவு.

அந்த நொடியில் திரையில் எண்கள் எல்லாம் அப்படியே நின்றன.

"கரண்ட் போயிட்டா?" என்றார் றஸாக் நானா.

"இல்ல நானா. சந்தை அளவுக்கு மேல விழுந்திட்டு. நிப்பாட்டிட்டாங்க. அரை மணித்தியாலம் விற்கவும் ஏலா, வாங்கவும் ஏலா."

"யா அல்லாஹ், சந்தையையும் லைன்ல நிக்க வச்சிட்டானுகளா!"

மிஸி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து இந்தப் பெண்மணியின் வயல் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று நான் சொல்லியாக வேண்டும். பொறுப்பாளரின் முறை கோபுரத்தை வாங்கு என்கிறது. பட்டியல் வாங்கு என்கிறது. தம்பி வாங்கு என்கிறார். மூன்று திசையிலிருந்தும் ஒரே காற்று. அப்படிக் காற்று அடித்தால் எனக்கு எப்போதும் ஓர் அமைதியின்மை வரும், நாற்காலியில் இருக்க முடியாது. எழும்பினேன். உட்கார்ந்தேன். பிறகு, ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, "மிஸி, சுத்தப்படுத்துற கணக்க இப்பவே பாப்பமா?" என்றேன்.

"காசு வரவே இல்ல, அதுக்குள்ள எறியப் போறீங்களா?" என்றார் றஸாக் நானா.

"நீங்க மூட்டைக்குள்ள குத்தூசி போட்டுப் பாக்காம நெல்லு வாங்குவீங்களா நானா?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். அரிசி வியாபாரிக்குக் குத்தூசி என்ற சொல் ஒரு சத்தியம் மாதிரி.

ஆண்டறிக்கையை மூடிவிட்டு கோபுரத்தின் புதிய காலாண்டுக் கணக்கைத் திறந்தேன். சுத்தப்படுத்தும் கணக்குக்கு ஒரு கேள்விதான்: இந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு வரியாக இறங்கினேன். இறக்குமதி நின்றதால் கோபுரத்தின் தொழில் ஏறக்குறையப் படுத்திருந்தது. தொழிலில் கிடந்த பணத்தை எடுத்து வங்கியில் போட்டு, ஏறுகிற வட்டியைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு காணியையும் விற்றிருந்தது. ரூபாய் விழுந்ததில் கையிலிருந்த டொலருக்கு ஒரு லாபம் எழுதியிருந்தது. எல்லாம் சட்டப்படி, எல்லாம் வெளிப்படையாக, எழுத்தில். ஆனால் தொழில் என்று சொல்ல ஒரு பிடிதான் மிச்சம்.

செங்கல் சூளைக்கு மேல்மண்ணை வெட்டி விற்ற வயலை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வருடம் அந்த வயல்காரன் கையில்தான் ஊரிலேயே அதிகம் காசு புழங்கும். அடுத்த மாரிக்கு அங்கே தண்ணீர் மட்டும் நிற்கும்.

மிஸியிடம் அதைத்தான் சொன்னேன். "வாற டிவிடன்டில பாதிக்கு மேல உங்கட இல்ல மிஸி. குடுத்திடணும். அது மட்டுமில்ல, இந்தக் கணக்குப்படி இத வாங்கவே ஆகாது."

"அப்ப பட்டியல்ல ஏன் போட்டிரிக்கானுகள்?" றஸாக் நானாவின் குரல் இறங்கியிருந்தது.

"பட்டியல் போன வருசக் கணக்கப் பாத்துப் போட்டது நானா. போன வருசம் இது ஆகுமான, ஹலாலான கம்பனிதான். ஆகுமெண்டுதான் பட்டியல் செல்லுது. நல்லா ஓடுதெண்டு அது எப்பவும் செல்லல்ல. நாமதான் அப்பிடிக் கேட்டுக்கொள்றம்."

இது நம் ஊருக்கே உரிய பிழை, தங்கச்சிமார், தம்பிமார். ஆகுமான பொருள் என்றால் பழுதில்லாத பொருள் என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

பிறகு பெட்டிக் கம்பனி. வட்டி என்று ஒரு சிட்டிகை. மிச்சம் எல்லாம் பெட்டி, பெட்டி, பெட்டி. தேயிலை போகிற பெட்டி, தைத்த உடுப்பு கப்பலேறுகிற பெட்டி, மருந்துப் பெட்டி. கடதாசிக்கு வெளிநாட்டை நம்பியும் இல்லை. பழைய பெட்டிகளைத்தான் வாங்கி அரைத்து மறுபடி பெட்டியாக்குகிறது. முந்திய நாள் பின்னேரம் கடைத்தெருவில் நான் வேறு வேலையில்லாமல் செய்தது, கடைகளுக்கு வெளியே கிடந்த பெட்டிகளைக் குப்புறப் புரட்டிப் பார்த்ததுதான். அடியில் பெட்டிக் கம்பனியின் அந்தச் சின்ன முக்கோண அடையாளம். பழக்கடையில், பாமசியில், பாதணிக் கடையில். எதுவுமே கிடைக்காத ஊரில் அது எல்லா இடத்திலும் கிடந்தது. ஆட்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். கண் முன்னால் கிடக்கிற இவ்வளவு பெரிய ஒன்றை ஒரு நாடே காணாமல் இருக்க முடியும் என்பது எனக்கு அன்று பயத்துக்கு நெருக்கமான ஒரு வியப்பாக இருந்தது.

திரை மறுபடி அசைந்தது. பெட்டியின் விலை இன்னும் ஒரு படி இறங்கியது.

"இனி நீங்கதான் செல்லணும் மிஸி, விக்கிறதா வேணாமா?" என்றேன்.

மிஸி திரையைப் பார்க்கவில்லை. "கை வச்சிப் பாத்தாச்சி மகன். புள்ள நல்லாத்தான் கிடக்கு. நேரம் வரல்ல, அவ்வளவுதான். இழுக்க வேணா."

"கூரை இல்லாத வூட்டுக்க மாப்பிளைக்குக் குடை பிடிக்கப் போறியா ராத்தா?" என்றார் றஸாக் நானா அக்காவிடம்.

"பிடிக்கிறதுதான். நீ ஒரு பக்கம் பிடி."

அவர்கள் போன பிறகு கிழிந்த அட்டையின் மிச்சப் பாதியைப் பிய்த்து எறிந்தேன். அதற்குப் பிறகு விலையை மறைக்க எனக்கு எதுவும் இல்லை. பெட்டி இறங்கியது. மறுபடி இறங்கியது. பள்ளிவாசலில் றஸாக் நானா என் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சரியாகச் சொன்னேனா என்பது எனக்கே தெரியவில்லை. கணக்கு சரியாக இருந்தும் ஒரு கம்பனி பயந்துபோய் பங்கிலாபத்தை நிறுத்திவிடலாம். அந்த வருடம் பயப்படாதவர் யார்?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மிஸியின் வளவுக்குப் போனேன். சுவர்களுக்குள் நின்று அண்ணாந்தேன். முழு வானம். ஸஹ்லா சீமெந்துப் பையின் மேல் உட்கார்ந்து தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தது.

"நானா, உம்மா உங்கள நம்பி இரிக்கல்ல, கணக்க நம்பித்தான் இரிக்கா" என்றது. "நீங்க ஏன் இப்பிடி வேர்க்கிறீங்க?"

ஆறுதலா, குத்தலா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அறிவித்தல் ஒரு சாதாரண முற்பகலில் வந்தது. திரையில் ஒரே ஒரு வரி. பெட்டிக் கம்பனி பங்கிலாபம் கொடுக்கிறது. போன வருடம் கொடுத்த அதே அளவு. ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்கேயோ, நான் ஒருநாளும் கால் வைக்காத கொட்டகையில், பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் வந்து இறங்கிய ஆட்கள் இயந்திரத்தைப் போட்டிருக்கிறார்கள். விளக்கு போயிருக்கிறது, ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு கணக்காளர் இரவல் வெளிச்சத்தில் கூட்டிக் கழித்து, இவ்வளவைக் கொடுக்கலாம், கொடுத்த பிறகும் நிற்கலாம் என்று எழுதியிருக்கிறார். அவர்கள் யாருக்கும் சாய்ந்தமருது எங்கே என்று தெரிந்திருக்காது. இங்கினியாகலையில் குளத்துக் கதவைத் திறக்கிறவனுக்கு நம் வட்டையில் கடைசி வரம்பில் நிற்கிறவனைத் தெரியாது. ஆனாலும் தண்ணீர் வந்து சேர்கிறதே, அப்படி. நான் எழும்பி கிளைக்கு வெளியே போய் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன்.

கோபுரம் அந்த முறை எதையும் கொடுக்கவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சி எதுவும் இல்லை. அதை நம்பியிருந்த வேறொரு மிஸி எங்கோ ஓர் ஊரில் இருந்திருப்பார்.

பணம் கணக்கில் விழுந்த அன்றே மிஸி வந்தார். உட்காரவில்லை. கூரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"மகன், இதில எனக்கில்லாதது எவ்வளவு?"

சொன்னேன். ஒரு பால்மாப் பைக்கற்றுக்குப் போதும், அவ்வளவுதான். அவர் போய் எங்கெங்கோ விசாரித்து, ஒரு கடையில் பின்கதவால் ஒரு பைக்கற் எடுத்து, பிரசவமாகிச் சில வாரங்களே ஆன ஒரு பெண்ணின் வீட்டில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தகரக் கடைக்குப் போனார். தகரம் விலை மணிக்கொரு தரம் ஏறிக்கொண்டிருந்த நாள் அது. நான் வாசலில் நின்று அவர் போகிற திசையைப் பார்த்தேன். முதலில் பால்மா, பிறகு கூரை. வாய் பிளந்தது. இந்த முறை எந்த அட்டையையும் யாரும் எடுக்கவில்லை.

நிக்காஹ் நடந்தது. கூரை இருந்தது. சுவருக்குப் பூச்சு இல்லை, கல்லும் சாந்தும் அப்படியே தெரிந்தன. மின்சாரம் வழக்கம்போல் போயிற்று. மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய வாப்பா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லம், ஆணி அடிக்கிற இடம் தெரியும்" என்றார். சிரிப்பு எழும்பியது. மிஸி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் தோள் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

பலகாரம் வந்திறங்கியிருந்த பெட்டிகள் மூலையில் குவிந்து கிடந்தன. கை சும்மா இருக்குமா, ஒன்றைப் புரட்டினேன். அடியில் முக்கோணம். கூரையாக வந்ததும் இதுதான், பலகாரத்தைச் சுமந்து வந்ததும் இதுதான். பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதித்தார்கள்.

"என்ன தம்பி, கல்யாண வூட்டிலயும் பெட்டியா?" றஸாக் நானா பக்கத்தில் வந்து நின்றார். பல நாட்களுக்குப் பிறகு அவராகப் பேசிய முதல் வார்த்தை.

இடுப்புச் சாரத்து மடிப்பிலிருந்து சாக்கு அறுக்கிற சின்னக் கத்தியை எடுத்தார். குனிந்து, ஒரு பெட்டியின் மடலை அளவு பார்த்து, முக்கோணம் உள்ளே அகப்படும்படி நேராக வெட்டி என் கையில் வைத்தார்.

"அண்டைக்கிக் கிழிச்சதுக்கு" என்றார். பிறகு, "போறவழியில பழைய பெட்டிக்காரனுக்குப் போட்டிராதீங்க" என்றுவிட்டு மாப்பிள்ளைக்கு விசிறப் போய்விட்டார்.

போடவில்லை. அதுதான் உங்கள் லாச்சிக்குள் கிடக்கிறது. திருப்பிப் பாருங்கள்.